நெசவாளர் காட்டிய குண்டலினி

ஒரகடத்தில் பொழுது புலரும் வேளையில் தொழிற்சாலைப் பேருந்துகள் இரவுப் பணி முடித்தவர்களை இறக்கிவிட்டுச் செல்கின்றன. அவ்வாறு இறங்கும் மகனுக்காகக் கதவைத் திறந்து வைத்திருப்பார் எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர். அருணகிரிநாதர் பாடிய வல்லக்கோட்டை முருகனே அவருக்கு எல்லாம். நீராடித் திருநீறணிந்து, கந்த சஷ்டி கவசத்தை வானொலிப் பெட்டியில் உரக்க ஒலிக்கவிட்டு உடன் ஓதுவது பல்லாண்டுப் பழக்கம். ஒருநாள் மகன் தூக்கம் கலைந்து எழுந்து வந்தான். ஒரு சொல்லும் பேசாமல் பெட்டியை நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். அன்று பெரியவர் உணவருந்தவில்லை. மருமகளிடமும் கடிந்து பேசினார்.

கிருத்திகையன்று கோயிலில் சந்தித்த நண்பர் ஒருவர் இதைக் கேட்டு, குண்டலினித் தவம் பயிலுமாறு கூறினார். பெரியவர் அஞ்சினார். அது துறவிகளுக்கு உரியது, தவறினால் சித்தம் கலங்கும் என்று இளமையில் கேட்டிருந்தார். நாள்தோறும் அவர் ஓதும் விநாயகர் அகவலிலேயே குண்டலினி பேசப்படுவதை நண்பர் நினைவூட்டியபோதுதான் சற்றே செவிசாய்த்தார்.

குண்டலம் என்றால் வளையம். முதுகுத்தண்டின் அடியில் பாம்பு சுருண்டு உறங்குவதுபோல் உயிராற்றல் அடங்கியிருக்கிறது என்பது யோக நூல்களின் உருவகம். அவ்விடம் மூலாதாரம், அதற்குரிய தெய்வம் விநாயகர். சுவாதிட்டானம், மணிபூரகம், அநாகதம், விசுத்தி, ஆக்ஞை என ஆதாரங்கள் மேலே செல்கின்றன, உச்சியில் சகசிராரம். இவ்வாறு ஆதாரங்களுக்குத் தலங்களையும் நம் முன்னோர் வகுத்தனர். திருவாரூர் மூலாதாரம், திருவானைக்கா சுவாதிட்டானம், திருவண்ணாமலை மணிபூரகம், தில்லை அநாகதம், காளத்தி விசுத்தி, காசி ஆக்ஞை. தலயாத்திரை சென்ற முதியோர் அறியாமலேயே இவ்வழியில் கொஞ்ச தூரம் நடந்திருக்கிறார்கள்.

இதனை இல்லறத்தாருக்கு எளிதாக்கித் தந்தவர் ஒரகடத்துக்குக் கிழக்கே, கூடுவாஞ்சேரியில் பிறந்த வேதாத்திரி மகரிஷி. 1911ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள், வறிய நெசவாளர் குடும்பத்தில், வரதப்பன் சின்னம்மாள் இணையருக்குப் பிறந்தார். பள்ளிப்படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது, பிறகு தறிக்குழிதான். நெசவுத் தொழிலில் உயர்ந்து பலருக்கு வேலை கொடுத்தார், பெரும் நட்டமும் கண்டார். பரஞ்சோதி மகானிடம் குண்டலினி யோகம் பயின்ற அவர், 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தையும், 1984இல் ஆழியாற்றில் அறிவுத் திருக்கோயிலையும் நிறுவினார். 2006 மார்ச்சு 28 அன்று, தமது 94ஆம் வயதில் மறைந்தார். இல்லறத்தில் வாழ்ந்து, தொழிலும் நடத்தி, கடனும் பட்டவர் சொன்ன யோகம் என்பதே பெரியவரின் அச்சத்தைப் பாதி போக்கியது.

மீதி அச்சத்தைப் போக்கியது சாந்தி தவம். இம்முறையில் ஆசிரியர் புருவ நடுவைத் தொட்டுத் தீட்சை அளித்து, அங்கே உயிராற்றலை உணரக் கற்பிக்கிறார். அது ஆக்ஞைத் தவம். அவ்வாற்றல் மிகுந்து தலை கனத்தால், நினைவை மூலாதாரத்துக்கு இறக்கி அங்கே நிலைநிறுத்தவும் உடனே கற்பிக்கிறார். குண்டலினி என்றால் ஏற்றம் ஒன்றையே எண்ணி அஞ்சுவோர் இந்த இறக்கத்தை அறிவதில்லை. பாவு அளவுக்கு மீறி இறுகினால் இழை அறும் என்பது தறியில் அமர்ந்தவருக்குத் தெரியாததா? முதியோருக்கு இவ்விறக்கமே பெரிதும் உதவுவது. நூலைப் பார்த்துத் தாமே முயலாமல், ஆசிரியர்முன் கற்பதே முறை.

தரையில் அமர முடியாதவர் நாற்காலியில் அமரலாம். தவத்தோடு எளிய உடற்பயிற்சியும், சினத்தையும் கவலையையும் ஆராயும் அகத்தாய்வும் உண்டு. கண்மூடி அமர்வது மட்டும் போதும் என்று மகரிஷி சொல்லவில்லை. எவர்மீது, எதற்காகச் சினந்தோம் என்று எழுதிப் பார்க்கச் சொன்னார். பெரியவர் எழுதிய பட்டியலில் முதற்பெயர் மகனுடையது, அடுத்தது மருமகளுடையது. பட்டியலை அவர் எவருக்கும் காட்டவில்லை.

தவத்தின் பயன்களாகப் பயில்வோர் கூறுபவை மன அமைதி, ஆழ்ந்த உறக்கம், படபடப்புக் குறைதல் ஆகியன. குருதியழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருத்துவர் தந்த மாத்திரையை இதை நம்பி நிறுத்துவது பேதைமை. மனநோய்க்கு மருந்துண்பவர் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கலாகாது.

பெரியவருக்குக் கிட்டிய பயன் எந்தப் பட்டியலிலும் இல்லாதது. இத்தவத்துக்கு ஒலி வேண்டாம். மகன் உறங்கும் காலைப் பொழுதில், அடுத்த அறையில் நாற்காலியிட்டு அரைமணி நேரம் அமர்கிறார். சில நாள்களில் மனம் குவிகிறது. சில நாள்களில் கண்ணயர்ந்துவிடுகிறார். முடிக்கும்போது மகனையும் மருமகளையும் நினைத்து மனத்துள் ‘வாழ்க வளமுடன்’ என்கிறார். முதல் வாரத்தில் அது நாவளவிலேயே நின்றதாக நண்பரிடம் ஒப்புக்கொண்டார்.

கவசம் மாலைக்கு மாறிவிட்டது. இரவுப் பணிக்குப் புறப்படும் மகன் வாயிற்படியில் காலணியை மாட்டியவாறே ஒருநாள் உள்ளே குரல் கொடுத்தான்: “அப்பா, இன்னும் கொஞ்சம் சத்தமாக வையுங்கள்.”