ராத்திரி செத்து, காலையில் பிழைக்கிற சிட்டு!

ஆபீஸ் வேலையாக ஈக்வடார் தலைநகர் கீட்டோவில் எனக்கு மூன்று வாரம் ஜாகை. அங்கே ராத்திரி பதினொன்றரை என்றால் சென்னையில் காலை பத்து. மேனேஜர் காபி குடித்த கையோடு எனக்குத்தான் முதல் போன் போடுவார். "என்னப்பா, தூங்கிட்டியா?"

தூங்கினால்தானே! கிளம்பும்போதே டாக்டர் பிரஷர் மெஷினைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியிருந்தார். "முப்பத்துநாலு வயசுல இது ஆகாது சார். மாத்திரை அப்புறம், முதல்ல தூங்குங்க!"

முதல் ஞாயிறு, பஸ் பிடித்து மின்டோ போனேன். இரண்டு மணி நேரத்தில் 2,850 மீட்டரிலிருந்து 1,250 மீட்டருக்கு இறக்கம். மேகம் தோளில் கை போடுகிற காடு. ஒரு தோட்டத்தில் சர்க்கரைத் தண்ணீர் பாட்டில்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். சுற்றிலும் ஹம்மிங் பேர்டுகள்! நம்ம ஊர் தேன்சிட்டு வேறு குடும்பம். இவை அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி எங்கும் கிடையாது. ஈக்வடாரில் மட்டும் 130 வகைக்கு மேல்.

அதில் ஒரு பொடியன், 'பூட்டட் ராக்கெட் டெயில்'. எடை மூன்று கிராம்கூடத் தேறாது. ராக்கெட் என்றால் வானத்தில் விடுகிற ராக்கெட் இல்லை, டென்னிஸ் மட்டை. ஆண் பறவையின் வால் நுனியில் அப்படி இரண்டு தொங்குகிறது. காலில் வெள்ளைப் பஞ்சு உருண்டை... ஷூவைத் தொலைத்துவிட்டு சாக்ஸோடு ஓடிவந்த எல்.கே.ஜி. பையன் மாதிரி! பாட்டில் நிறைய இருந்தும் பெரிய பறவைகள் இதை விரட்டின. இது வண்டு போல மெதுவாக மிதந்து, சந்தில் புகுந்து, ஒரு வாய் உறிஞ்சிவிட்டு ஓடியது. அப்படியே எங்க ஆபீஸ் கேன்டீன்!

அடுத்த ஞாயிறு, சிம்பொராஸோ எரிமலை. உயரம் 6,263 மீட்டர். பூமியின் மையத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட் சிகரத்தையே தோற்கடிக்கிற ஆசாமி. 4,000 மீட்டர் தாண்டியதும் பத்தடி நடப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. மரம் கிடையாது. புல், பாறை, குளிர்காற்று. நடுவில் ஆரஞ்சுப் பூ பூத்த சுக்கிராகா முட்செடி. அதன்மேல் ஊதாத் தலை, வெள்ளை வயிற்றோடு ஒரு ஹில்ஸ்டார். எட்டு கிராம் இருக்கும்.

மின்டோ பொடியன் அந்தரத்தில் நின்று குடித்தான். இவரோ செடியைப் பிடித்து உட்கார்ந்து நிதானமாகக் குடிக்கிறார். காற்று மெலிந்த இடத்தில் அந்தரத்தில் நிற்பது வீண் செலவு!

"பனி கொட்டுற ராத்திரியில என்ன பண்ணும்?" என்றேன் கைடிடம்.

"செத்துடும். காலைல பிழைச்சுக்கும்" என்று சிரித்தார்.

நிஜம்தான். குளிர் ராத்திரிகளில் நெஞ்சுத் துடிப்பைக் குறைத்து, உடம்புச் சூட்டை இறக்கி, கட்டை போல ஆகிவிடுமாம். இதன் ஆண்டீஸ் மலைச் சொந்தக்கார இனம் ஒன்றைப் பெருவில் அளந்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில் உடம்புச் சூடு 3.26 டிகிரி! பகலில் நாற்பதை ஒட்டி இருக்கிற உடம்பு. விடியும்போது நடுங்கி நடுங்கியே சூடேற்றிக்கொண்டு பறக்கக் கிளம்பிவிடும். சோம்பேறித்தனம் இல்லை சார். அணைத்து வைக்கத் தெரிந்ததால்தான் மறுநாள் இருக்கிறது.

அன்று ராத்திரி பதினொன்றரைக்கு என் போன் அணைந்திருந்தது. காலையில் மேனேஜர் கத்தினார், "ராத்திரி செத்துட்டியா நீ?"

"ஆமா சார்! இப்பதான் பிழைச்சேன்" என்றேன்.