கொடும்பாளூர்க் கற்றளிகளும் கல்லில் நில்லா அறமும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் விராலிமலைக்கு அணித்தாயுள்ள கொடும்பாளூர் இன்று ஒரு சிற்றூர். சோழநாட்டினின்று மதுரைக்குச் செல்லும் பழவழி இவ்வூர்ப் பாங்கரில் மூன்றாகப் பிரிந்ததென்பது சிலப்பதிகாரத்தாற் புலனாம். இருக்குவேளிர் வீற்றிருந்த இப்பதி, சைவர்க்குச் சிறப்புரிமை உடையதாவது இடங்கழி நாயனார் அரசு புரிந்த ஊராதலினாலாம்.

அடியார்க்கு அமுதூட்டும் ஒருவர், பொருள் முட்டிய காலத்து, நள்ளிரவில் அரசரது நெற்கொட்டகாரத்திற் புகுந்து காவலர் கையகப்பட்டார். காரணம் வினவி அறிந்த நாயனார் அவரை ஒறுத்திலர், இரங்கினார். தம் பண்டாரங்களை அடியவர் கொள்ளைகொள்க எனப் பறையறைவித்தார். இது பெரியபுராணம் காட்டும் வரலாறு.

இவ்வூரில் பிற்காலத்து அரசிருந்த வேளிருள் பூதி விக்கிரமகேசரி என்பான், தன் பெயராலும், கற்றளி, வரகுணை என்னும் தேவியர் இருவர் பெயராலும் மூன்று தளிகள் எடுப்பித்தான். இவை 10-ஆம் நூற்றாண்டின என்பர் ஆராய்ச்சியாளர் பலர். மேற்கு நோக்கிய அம்மூன்றனுள் நடுவிலதும் தென்பாலதும் விமானத்தோடு நிற்கின்றன. வடபாலதற்கு அடித்தளமே எஞ்சியது. சூழ இருந்த சிற்றாலயங்களும் அடித்தள அளவாய்க் கிடக்கின்றன. மூவர் கோயில் எனப்படும் இவை இந்நாளில் மத்திய தொல்லியல் துறையின் காவலில் உள்ளன.

நடுத்தளியின் வடமொழிக் கல்வெட்டு வேறொரு கட்டடத்தையும் கூறும். அது மடம். காளாமுக ஆசாரியராகிய மல்லிகார்ச்சுனர்க்குப் பெரியதோர் மடம் அளித்து, தவத்தோர் 50 பேர்க்கு அமுது அளித்தற்பொருட்டு 11 ஊர்களையும் அவ்வரசன் ஈந்தான். காளாமுகம் சித்தாந்த சைவத்தின் வேறாய அகப்புறச் சமயமே. எனினும், சிவனடி சார்ந்தார் பசியாதிருத்தல் வேண்டுமென்ற கருத்தில் அவ்வரசனும் இடங்கழியார் வழியினனே ஆயினான்.

இன்று அக்கொட்டகாரமும் இல்லை, அம்மடமும் இல்லை. காண வருவார் விமானத்தின் சிற்பத்தை வியந்து, வெற்றடித்தளத்தைக் கண்டு இரங்கி மீள்வர். இரங்கத்தக்கது கல் வீழ்ந்தமை மட்டுமோ? கல்லைக் காத்தற்கு அரசு உண்டு. சோறிடும் அறத்தைக் காத்தற்கு அடியாரையன்றி யாருளர்? கோயில் பூசனைக்கும் மடம் அமுதுக்கும் ஆகச் சேர்ந்தே அமைத்தனர் முன்னோர். அவற்றுள் ஒன்றை மட்டும் போற்றி மற்றொன்றை மறத்தல், வடபாற் கோயில்போல, மேலெழாத அடித்தளமாய் நம் சமயவாழ்வை ஆக்கிவிடும்.

ஆதலின், கொடும்பாளூர் காணச் செல்லும் அன்பர் ஒரு பிடி அரிசியேனும் உடன்கொண்டு சென்று, பசித்தார் ஒருவர்க்கு இட்டு மீள்வாராக. இடங்கழியார் திருப்பதியை வழிபட்ட பயன் அப்போதே நிரம்பும்.

திருச்சிற்றம்பலம்.