கட்டி இழுத்த கயிறு

மலாயாவில் செம்பனை வணிக நோக்கில் முதன்முதலாகப் பயிரிடப்பட்டது 1917இல், கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில். அதற்கு அண்மையிலிருந்த தோட்டமொன்றில் செம்பனைக் குலைகளை டிராக்டரில் இழுத்தே என் தந்தையார் முதுமை எய்தினார்.

1994இல் ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. அந்நாளில் பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்குப் புறப்பட்டோம். வீடே லாரியில் ஏறிவிட்டது. ஓடாமல் நின்ற பழைய மோரிஸ் மைனர் கார் மட்டும் எஞ்சியது.

"லாரியின் பின்னால் கட்டி இழுத்துவிடலாமே, அப்பா!" என்றேன். மேலைநாடுகளில் வீட்டு வண்டியில் உலாச் செல்வோர் பின்னால் சிறுகாரை இழுத்துச் செல்லும் படத்தைக் கண்டிருந்தேன். அவர்கள் கயிற்றாலன்றி இரும்புத் தண்டால் பிணைத்திருந்ததைக் கவனித்திலேன்.

தந்தையார் மறுத்தார். "கயிறு இழுக்கும், தம்பி, நிறுத்தாது. இந்தக் காரில் பிரேக்கும் சரியில்லை. இறக்கத்தில் லாரி நின்றால், பின்னால் வருவது வந்து மோதும்."

பிறந்த மண்ணின் கடைசிப் பொருளையும் விட்டுச் செல்கிறோமே என்று அன்று கலங்கினேன். ஒரு வாரம் கழித்துப் பிரேக்கையும் பழுதுநீக்கி, அவரே அதனை ஓட்டி வந்தார்.

தோட்டத்தை விட்டு வந்த நாம் எதையெதையோ அவசரமாகக் கட்டி இழுக்கிறோம். நிற்கத் தெரியாததை இழுக்கலாகாது என்பதை எனக்குக் கற்பித்தவர், பள்ளியில் மூன்றாண்டே பயின்ற அந்த டிராக்டர் ஓட்டுநர்தாம்.