பழைய குழாயில் இன்னொரு கழிப்பறை: வாட்டம் பார்த்துச் சேருங்க!

வாய்க்கால் வெட்டும்போது வாட்டம் பார்க்காத விவசாயி கிடையாது. கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போய்ச் சேருமா என்று மண்வெட்டியை எடுக்கும் முன்பே கண் அளந்துவிடும். ஆனால், வீட்டுக் கழிப்பறைக்குக் குழாய் போடும்போது மட்டும் 'எப்படியோ ஓடிடும்' என்று கொத்தனார் கையில் விட்டுவிடுகிறோம். ஏற்கெனவே இருக்கும் குழாயோடு இரண்டாவது கழிப்பறையைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால், எங்கள் வீட்டு வேலையை எழுதுகிறேன்.

கோபி பக்கம் மஞ்சளும் வாழையும் வைக்கும் குடும்பம் எங்களுடையது. வீட்டில் 5 பேர். கழிப்பறை புழக்கடையில், வீட்டை விட்டுத் தள்ளி இருக்கிறது. மாமியாருக்கு 72 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. போன ஐப்பசி மழையில் அவருக்குக் காய்ச்சல் வந்து, அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். சிறுநீரில் கிருமி என்றார்கள். "தண்ணி நிறையக் குடிக்கறீங்களா பாட்டி?" என்று டாக்டர் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இருட்டில் சேற்றில் நடக்கப் பயந்துகொண்டு, சாயங்காலம் 4 மணிக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லையாம். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். "ரெண்டு வருசம் இருக்குங் கண்ணு" என்றார்.

அவர் படுக்கும் அறையை ஒட்டியே ஒரு கழிப்பறை கட்டிவிடலாம் என்றேன். முதலில் மறுத்தவர் அவர்தான். "சாமி படம் மாட்டியிருக்கற ஊட்டுக்குள்ள கக்கூஸா? வேண்டாங் கண்ணு." அவரைச் சமாதானப்படுத்த ஒரு வாரம் ஆனது. அடுத்து, என் கணவரின் சித்தப்பா ஒரு யோசனை சொன்னார்: "அந்த ரூமுக்குப் பக்கத்துலயே புதுசா ஒரு குழி எடுத்துருங்க, செலவு கம்மி." அந்த இடத்திலிருந்து எங்கள் குடிநீர்க் கிணறு 25 அடிதான். கழிவுநீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர், அதாவது சுமார் 60 அடி இடைவெளி வேண்டும். அதனால் புழக்கடையில் இருக்கும் பழைய செப்டிக் டேங்குக்கே கொண்டுபோவது என்று முடிவானது.

முதலில் பார்த்தது, டேங்க் தாங்குமா என்பதை. டேங்கின் அளவு கழிப்பறைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது அல்ல. ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. எங்கள் வீட்டில் அதே 5 பேர்தான். ஆள் கூடினால் கணக்கு மாறும். தண்ணீர் அதிகம் சேராமல் இருக்க, 3 லிட்டர், 6 லிட்டர் என்று இரண்டு பொத்தான் உள்ள தொட்டி வைத்த வெஸ்டர்ன் கோப்பை வாங்கினோம். குளிக்கும் தண்ணீரை டேங்கில் சேர்க்கவில்லை. அது தனியாக வாழைக்குப் போகிறது.

அடுத்தது வாட்டம். 4 இன்ச் பிவிசி குழாய்க்கு 10 அடிக்கு 2 முதல் 3 இன்ச் வரை இறக்கம் வேண்டும். புதுக் கழிப்பறையிலிருந்து பழைய குழாய் 28 அடி தூரம். 10 அடிக்கு 3 இன்ச் என்றால், மொத்தம் எட்டரை இன்ச் இறக்கம் தேவை. சேரும் இடத்தில் பழைய குழாய் 14 இன்ச் ஆழத்தில் இருந்தது. ஆகவே புதுக் குழாயை ஐந்தரை இன்ச் ஆழத்தில் தொடங்க முடிந்தது. டியூப் லெவல் பிடித்து இதைப் பார்த்த பிறகே பள்ளம் வெட்டினோம். கோப்பையும் சுவர் வழியாகக் கழிவு வெளியேறும் 'பி' டிராப் வகை என்பதால், அறையின் தரையை உடைக்க வேண்டி வரவில்லை.

மூன்றாவது, சேரும் கோணம். "பழைய பைப்பை அறுத்து ஒரு டீ போட்டா முடிஞ்சுதுங்க அக்கா" என்றார் முதலில் வந்த பிளம்பர். டீ போட்டால் கழிவு நேராக எதிர்ச்சுவரில் மோதி, ஒரு பங்கு பின்னால் திரும்பும். நாளடைவில் அங்கேயே படிந்து அடைக்கும். கிளை வாய்க்காலைப் போல, ஓட்டம் போகும் திசையிலேயே சாய்ந்து சேர வேண்டும். அதற்கு 45 டிகிரி 'ஒய்' போட வேண்டும். அடுத்து வந்த தம்பி திறந்து குத்திவிட வசதியாகக் கதவு வைத்த 'ஒய்' போட்டார். குழாய் திரும்பும் இடத்தில் மூடியோடு ஒரு சேம்பரும் கட்டினார்.

நான்காவது, காற்று. இதைத்தான் பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். ஒரு கழிப்பறையில் ஊற்றிய தண்ணீர் குழாயை நிறைத்து ஓடும்போது, பின்னால் காற்றை இழுக்கும். காற்று வர வழி இல்லையென்றால், மற்ற கோப்பையின் வளைவில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். நாற்றத்தைத் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். 'களக் களக்' என்று சத்தம் கேட்டால் இதுதான் காரணமாக இருக்கும். புதுக் குழாயின் தொடக்கத்திலேயே 2 இன்ச் காற்றுக்குழாய் எடுத்து, கூரைக்கு மேலே கொண்டுபோய், கொசு நுழையாமல் வலை கட்டினோம்.

மண் மூடும் முன் சோதித்துவிடுங்கள். ஒரு கழிப்பறையில் தண்ணீரை விட்டு, மற்றதில் நிற்கும் தண்ணீர் குறைகிறதா என்று பாருங்கள். பிறகு மாற்றிப் பாருங்கள். சேம்பரில் தேங்காமல் ஓடுகிறதா என்றும் கவனியுங்கள்.

எந்தக் காரணத்துக்காகவும் செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்காதீர்கள். எட்டிப் பார்க்கவும் வேண்டாம். உள்ளே இருக்கும் வாயு நிமிடத்தில் உயிரை எடுக்கும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்சி எடுங்கள்.

இப்போது மாமியாரின் தலைமாட்டில் ராத்திரியும் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கிறது. காலையில் பார்த்தால் காலியாகியிருக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இருட்டிய பிறகு தண்ணீர் குடிக்கிறார்களா என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.