வசியப்பட்டவன் அடிமை அல்லன்



ஒரு சட்டம் தெளிவாகச் சொல்லாததை நம் விருப்பப்படி நிரப்பிக்கொள்ளலாமா? ஃபிக்ஹு பாடத்தில் வர வேண்டிய இந்தக் கேள்வி, அண்மையில் ஒரு விளையாட்டின் வழியாக நம்மிடம் வந்தது.

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-இல் அமெரிக்காவில் வெளியான கதை விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார்; மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டுவார்கள். விடுமுறையில் இதை ஆடிய நம் மூத்த மாணவர் இருவரில் ஒருவரின் பாத்திரம், சிறைக் காவலனை வசியம் செய்தது. "வசியப்பட்டவன் சொன்னதைச் செய்தே தீர வேண்டும், சாவியைத் தரட்டும்" என்றார் அவர். கதையை நடத்தியவர் மறுத்தார். வாக்குவாதம் முற்றி, இருவருக்கும் பேச்சு நின்றுபோனது.

விதியை வாசிக்கச் சொன்னோம். 2014-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, 'சார்ம் பர்சன்' முதல் நிலை மந்திரம். வசியப்பட்டவர், வசியம் செய்தவரைப் பழகிய நண்பராகக் கருதுவார், அவரைத் தாக்கமாட்டார். அவரிடம் பேசி இணங்கவைப்பது எளிதாகும். ஒரு மணி நேரம் நீடிக்கும். இடையில் தீங்கிழைத்தால் முறிந்துவிடும். முடிந்ததும், தம்மை வசியம் செய்தது யார் என்பதை அவர் அறிந்துகொள்வார். கீழ்ப்படிவார் என்று எங்கும் இல்லை. பிறரை ஏவி ஆட்டிவைக்க 'டாமினேட் பர்சன்' என்று ஐந்தாம் நிலையில் வேறொரு மந்திரமே இருக்கிறது. பெரியதற்குரிய அதிகாரத்தைச் சிறியதற்குக் கொடுத்தால், பெரியதற்கு என்ன வேலை?

மார்க்கச் சட்டத்தையும் விளையாட்டையும் நாம் சமமாக்கவில்லை. வாசிக்கும் ஒழுங்கையே சொல்கிறோம். உறுதியானதை ஐயம் நீக்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. காவலனின் சுயவிருப்பம் உறுதியானது. அது பறிபோனது என்பது வெறும் ஊகம். ஆகவே நண்பனிடம் கேட்பதுபோல் கேட்கலாம். அவன் மறுக்கவும் செய்யலாம். இதை விளக்கியபின், சகோதரனை மூன்று நாளுக்கு மேல் வெறுத்து ஒதுங்கியிருத்தல் ஆகாது என்ற நபிமொழியையும் நினைவூட்டினோம். இருவரும் ஸலாம் சொல்லிக்கொண்டார்கள்.

மெய்யான சூனியம் அழிவில் தள்ளும் ஏழு பெரும் பாவங்களுள் ஒன்று. அதைக் கொண்டு கணவன் மனைவியரைப் பிரிப்போரைப் பற்றி அல்பகரா அத்தியாயத்தின் 102-ஆம் வசனம் பேசுகிறது. கதையில் மந்திரத்தின் பெயரைச் சொல்வது சூனியம் செய்வதாகிவிடாது. எனினும் பிள்ளைகளுக்கு இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்துவது நம் கடமை. பகடை ஆட்டம் குறித்து ஹதீஸ்களில் கடுமையான எச்சரிக்கை வந்திருப்பதால், ஆடலாமா என்பதை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளிலும் ஒருவகை வசியம் உண்டு. "என்மேல் பாசம் இருந்தால் இதைச் செய்வாய்" என்று பிள்ளைகளிடமும் மனைவியிடமும் சொல்கிறோமே, அது நேசத்தைக் கொண்டு கீழ்ப்படிதலை வாங்குவதன்றி வேறென்ன? அந்த மயக்கம் தெளியும் நாளில், அவர்களும் செய்தவர் யாரென்று அறிந்துகொள்வார்கள்.

பிறருடைய மனத்தின் உரிமையை மதிக்கும் பண்பை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.