சற்றுப் பொறுங்கள்!

திருவட்டாற்றில் பஸ் ஏறி, இரண்டு இடங்களில் பஸ் மாறி, ஒரு சர்வகலாசாலையின் புஸ்தகசாலை வாசலில் நாம் போய் நின்றபோது காலை மணி பத்தரை. பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தோம். நாலு மணி பஸ்ஸைத் தவற விட்டால் வீடு போய்ச் சேர நடுநிசி ஆகிவிடும். இத்தனை அவசரத்துடன் உள்ளே நுழைந்தால் லைப்ரேரியன் இருக்கவேண்டிய நாற்காலி காலியாக இருந்தது. மேஜைமேல் ஓர் அட்டையை நிறுத்தி வைத்திருந்தார்கள். "வகுப்பில் இருக்கிறேன். சற்றுப் பொறுங்கள்" என்று அதில் எழுதியிருந்தது.

நமக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. லைப்ரேரியனுக்கு வகுப்பு எதற்கு? வகுப்பு எடுப்பதற்கு ஆசிரியர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்களே! பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவர்களை விட்டுவிட்டுப் பரிசாரகர் திண்ணையில் பாகசாஸ்திரம் போதிக்கப் போனால் எப்படி இருக்கும்? இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்து வருகிற நமக்கே, பாடம் சொல்லுவதன்மேல் அன்று அவ்வளவு வெறுப்பு உண்டாயிற்று.

நாம் போன காரியம் இதுதான். பறளியாறும் கோதையாறும் வட்டமிட்டு ஓடும் நம் ஊரில், ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கு 2022-ஆம் வருஷம் ஜூலை மாதம் கும்பாபிஷேகம் நடந்தது. 418 வருஷங்களுக்குப் பிறகு நடக்கும் கும்பாபிஷேகம் என்று பத்திரிகைகள் எழுதின. ஊரே திரண்டது. எல்லாம் முடிந்து பள்ளிக்கூடம் பழைய நிலைக்கு வந்தபின், ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்றான். "சாரே, 418 வருஷம்ணு ஆரு எழுதி வச்சிருக்கு? அது எங்க இருக்கு?" என்று கேட்டான். இப்படிப்பட்ட கேள்விகளுக்கு, "உட்காரு, பிறகு சொல்கிறேன்" என்பதுதான் உபாத்தியாயர்கள் வழக்கமாகக் கூறும் விடை. பிறகு என்பது ஒருநாளும் வருவதில்லை. அன்று என்னவோ, "திங்கட்கிழமை சொல்கிறேன், மக்களே" என்று வாக்குக் கொடுத்துவிட்டோம்.

அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் இந்தப் பிரயாணம். லைப்ரேரியன் வருவதற்குள் நாமே தேடிவிடலாம் என்று அங்கிருந்த கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தோம். நம் பள்ளிக்கூடப் பலகையில் ஊர்ப் பெயர் இங்கிலீஷில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே அடித்தோம். ஒன்றும் வரவில்லை. 2022-லிருந்து 418-ஐக் கழித்து, 1604 என்று அடித்துப் பார்த்தோம். உலகத்திலுள்ள விஷயமெல்லாம் வந்தது. திருவட்டாறு மட்டும் வரவில்லை.

சோர்ந்துபோய் எழுந்து, கண்ணாடிக் கதவு வழியாகப் பக்கத்து ஹாலை எட்டிப் பார்த்தோம். முதல் வருஷ மாணவர்கள் அறுபது பேர் இருக்கலாம். பாதிப் பேர் குறிப்பு எடுத்தார்கள். கால்வாசிப் பேர் கைப்பேசியைப் பார்த்தார்கள். மீதிப் பேர் தூங்கினார்கள். லைப்ரேரியன் மனம் தளராமல் பேசிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தவர், "மன்னிக்க வேண்டும் சார், ரொம்ப நேரம் காக்க வைத்துவிட்டேன்" என்றார். நம்மைவிடப் பத்து வயது இளையவர். அந்த மரியாதையிலேயே நம் கோபத்தில் பாதி கரைந்தது.

"எந்த எழுத்துக்கூட்டில் தேடினீர்கள்?" என்று கேட்டார். சொன்னோம். சிரித்தார். "பழைய புஸ்தகங்களில் உங்கள் ஊர்ப் பெயரைப் பல விதமாக எழுதியிருப்பார்கள், சார். 'ஹ' எழுத்தைச் சேர்த்து, சேர்க்காமல், கடைசி உகரத்தை விட்டு, விடாமல் எல்லா விதமாகவும் தேட வேண்டும்." பிறகு, "எந்த வருஷம் என்று போட்டீர்கள்?" என்றார். "1604" என்றோம். "அந்தக் காலத்தில் உங்கள் ஊரில் 1604 யாருக்குத் தெரியும்? கொல்லம் ஆண்டு 779 அல்லது 780 என்றல்லவா எழுதியிருப்பார்கள்!" என்றார்.

சரித்திரம் படித்துப் பட்டம் பெற்ற நாம் தலையைக் குனிந்துகொண்டோம். கொல்லம் ஆண்டு கி.பி. 825-ல் தொடங்கியது என்று வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுவதும் நாம்தான்!

"எழுத்துக்கூட்டு, ஆண்டுக் கணக்கு, இந்த இரண்டையும் இப்போது அந்த ஹாலில் சொல்லிக்கொண்டிருந்தேன், சார். நீங்களும் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கலாம்" என்றார் அவர். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது.

இதோடு முடிந்திருந்தால் வகுப்புக் கட்சிக்கே ஜயம் என்று எழுதியிருப்போம். ஆனால் அடுத்தபடி அவர் செய்தது எந்த வகுப்பிலும் சொல்லிக் கொடுக்க முடியாத காரியம். நம்மை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, எதற்காக இது வேண்டும், யார் கேட்டது, கல்வெட்டு வேண்டுமா, கோயில் கணக்கு வேண்டுமா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். டி. ஏ. கோபிநாத ராவ் தொடங்கிவைத்த திருவாங்கூர்த் தொல்பொருள் வரிசையின் தொகுதிகளை எடுத்து வந்து, நம் ஊர்ப் பெயர் வரும் பக்கங்களைக் காட்டினார். "1956 நவம்பர் முதல் தேதி உங்கள் கல்குளம் தாலுகா இந்தப் பக்கம் வந்துவிட்டது. தஸ்தாவேஜுகள் எல்லாம் கூட வரவில்லை. மீதியைத் திருவனந்தபுரத்தில்தான் பார்க்க வேண்டும்" என்று சொல்லி, அங்கே எந்த ஆபீஸில் என்ன கேட்கவேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தார். எல்லைக்கோடு நகர்ந்தது, காகிதம் நகரவில்லை. இது நமக்குத் தோன்றவே இல்லை.

இதற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் மூன்று ஆராய்ச்சி மாணவர்கள் வந்து, அவருடைய முகத்தையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் அவசரம். நாம் வருத்தம் தெரிவித்தபோது, "பழகிப்போயிற்று, சார். வகுப்புக்குப் போனால் ஆராய்ச்சி செய்கிறவர்கள் கோபிக்கிறார்கள். இவர்களோடு உட்கார்ந்தால், இந்த மாதம் எத்தனை வகுப்பு நடத்தினாய் என்று மேலே கேட்கிறார்கள். ஒரு மனுஷ்யனோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்ததை எந்தப் பத்தியில் எழுதுவது?" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது நமக்கு வேறொரு விஷயம் ஞாபகம் வந்தது. நாம் எம்.ஏ. படித்த காலத்திலும் வாரம் ஒரு மணி நேரம் 'புஸ்தகசாலை வகுப்பு' என்று அட்டவணையில் இருந்தது. ஒரு தடவைகூட நாம் போனதில்லை. அந்த மணியில்தான் டீக்கடையில் தேச நிலைமையை ஆராய்ந்துகொண்டிருப்போம். அன்று போகாத வகுப்புக்குரிய கட்டணத்தைத்தான் இருபது வருஷம் கழித்து, வேறோர் ஊரில், வேறொருவருடைய நேரத்திலிருந்து எடுத்துக் கட்டியிருக்கிறோம்.

நிற்க. இந்தச் சங்கடம் நேற்றுத் தோன்றியதல்ல. சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் சென்னை பிரஸிடென்ஸி காலேஜில் கணித ஆசிரியராக இருந்தவர். 1924 ஜனவரியில் சென்னைச் சர்வகலாசாலையின் லைப்ரேரியனாக அமர்ந்தார். சில நாட்களுக்குள் அந்தத் தனிமையும் நிசப்தமும் அவருக்குப் பொறுக்கவில்லை. மறுபடியும் வகுப்புக்கே அனுப்பிவிடும்படி வேண்டிக்கொண்டார். லண்டனுக்குப் போய்ப் பயிற்சி பெற்று வாரும், பிறகும் பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். போனவர், அந்த நாட்டுப் பொது நூல்நிலையங்களில் குழந்தைகளும் தொழிலாளிகளும் வந்து படிப்பதைக் கண்டார். 1925-ல் திரும்பி வந்தபோது வகுப்பைத் தேடிப் போகவில்லை, புஸ்தகசாலையையே வகுப்பாக்கினார். 1928-ல் சென்னை நூலகச் சங்கம் எழுந்தது. 1929-ல் லைப்ரேரியன்களுக்கான பள்ளி தொடங்கியது. 1931-ல் சர்வகலாசாலையே அதை ஏற்றுக்கொண்டது. அதே வருஷம் அவருடைய ஐந்து விதிகளும் புஸ்தகமாக வந்தன. வாசகருடைய நேரத்தை மிச்சப்படுத்து என்பது அவற்றுள் நாலாவது. ஆயினும் எந்த வாசகருடைய நேரம்? ஹாலிலிருக்கும் அறுபது பேருடைய நேரமா, மேஜை முன் நிற்கும் ஒருவருடைய நேரமா? அந்த இடத்தில் ஒவ்வொரு லைப்ரேரியனும் தம் சொந்தப் புத்தியைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நம் ஊருக்கு அதிக தூரமில்லாத பத்மநாபபுரத்தின் அருகே மணலிக்கரை மடம் இருக்கிறது. 1909-ல் மகாமகோபாத்தியாயர் கணபதி சாஸ்திரியார் அங்கே ஓர் ஓலைக்கட்டைக் கண்டெடுத்தார். பாச மகாகவியுடையவை என்று அவர் அறிவித்த நாடகங்கள் அதில் இருந்தன. அவை பாசனுடையவைதாமா என்று பண்டிதர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அது வேறு சங்கதி. சாஸ்திரியார் அதற்குமுன் திருவனந்தபுரம் சமஸ்கிருதக் கல்லூரியில் தலைமை ஆசிரியராக இருந்தவர். ஏடுகளைத் தேடிப் பதிப்பிக்கும் உத்தியோகம் பிறகு வந்தது. மலையாள எழுத்தில் இருந்த அந்தக் கட்டு இன்னதென்று கண்டுகொள்ள, பல வருஷம் பாடம் சொல்லித் தேர்ந்த கண் வேண்டியிருந்தது. கற்பிப்பதும் ஆராய்ச்சிக்கு உதவுவதும் ஒரே மனிதரிடம் பகையில்லாமல் வாழ முடியும் என்பதற்கு நம் ஜில்லாவே சாட்சி.

இன்றைக்கு விதிகளுக்குக் குறைவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் வருஷ விதிகளில் உதவி லைப்ரேரியனும் உதவிப் பேராசிரியரும் ஒரே சம்பள நிலையில்தான் தொடங்குகிறார்கள். அதே வருஷத்தில் வந்த மற்றொரு விதிப்படி, ஆராய்ச்சிக் கட்டுரை பிறர் எழுத்தோடு 10 சதவிகிதத்துக்கு மேல் ஒத்திருந்தால் நடவடிக்கை உண்டு. அந்தச் சோதனை பெரும்பாலும் புஸ்தகசாலையின் தலையில்தான் விழுகிறது. டாக்டர் பட்டத்துக்குப் படிப்பவர்களுக்கு ஆராய்ச்சி நெறிமுறை பற்றி 30 மணி நேரப் பாடம் வேண்டும் என்று 2019-ல் ஏற்பாடாயிற்று. தகவல் தொகுப்புகளைப் பற்றிய பகுதியும் அதில் உண்டு. அதைக் கற்பிக்க லைப்ரேரியனைவிடத் தகுந்தவர் யார்? வேலை இரட்டித்திருக்கிறது, கை இரட்டிக்கவில்லை.

நம்முடைய அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறோம். பத்துப் பேர் தனித்தனியே வந்து கேட்கும் ஒரே கேள்வியை வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும். ஒருவருக்கே உரிய கேள்விக்கு நாற்காலி போட்டு, நேரம் குறித்து, அந்த நேரத்தில் வேறு வேலை வைக்காமல் இருக்க வேண்டும். முதலாவது சரியாக நடந்தால்தான் இரண்டாவதற்கு நேரம் மிஞ்சும். இரண்டாவது நடந்தால்தான் வகுப்பில் சொல்லுவதற்குச் சரக்குச் சேரும். அந்த இரண்டையும் கணக்கில் ஏற்றுவது மேலேயுள்ளவர்கள் பொறுப்பு. ஒன்றரை மணி நேர உதவிக்கும் ஒரு பத்தி போட்டுக் கொடுக்கட்டும். இன்னொரு கையையும் கொடுத்தால் புண்ணியம்.

திங்கட்கிழமை வந்தது. நாம் கொண்டுவந்த பக்கங்களில் முழு விடை இல்லை. விடை இருக்கும் இடத்துக்கு வழி இருந்தது. எழுத்துக்கூட்டையும் கொல்லம் ஆண்டையும் வகுப்பு முழுவதற்கும் சொன்னோம். 1604-ஐக் கொல்லம் ஆண்டாக மாற்றும்போது 779, 780 என்று இரண்டு விடை ஏன் வருகிறது என்பதற்குள் மணி அடித்துவிட்டது. கேள்வி கேட்ட பையன் மட்டும் போகவில்லை. "சாரே, அப்போ திருவனந்தபுரம் போயி பாக்கணுமா?" என்றான்.

ஆசிரியர் அறையில் திருத்த வேண்டிய நோட்டுகள் குவிந்து கிடந்தன. அடுத்த வகுப்பு வராந்தாவில் கூச்சலிட்டது. "சற்றுப் பொறு, மக்களே" என்று நம் வாயில் வந்தது. அந்த அட்டை கண்முன் நின்றது. "சாயங்காலம் நாலரை மணிக்கு வா. உனக்காகவே உட்கார்ந்திருப்பேன்" என்றோம்.

வந்தான். கூட இன்னும் இரண்டு பேரையும் அழைத்து வந்தான்.