கேலிஃப் தெரு: துணி மூடிய கூண்டுகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் வடக்குக் கொல்கத்தாவின் கேலிஃப் தெருவில் நடக்க இடம் கிடைப்பது கஷ்டம். மீன் தொட்டிகள், நாய்க்குட்டிகள், பூச்செடிகள், விசிறிவால் புறாக்கள், கூண்டு கூண்டாக லவ் பேர்ட்ஸ். இவற்றில் பெரும்பாலானவற்றை விற்கத் தடையில்லை. துணி மூடிய கூண்டுகள்தான் விவகாரம். பச்சைக்கிளி, மலை மைனா, சிவப்பு முனியா போன்ற இந்தியப் பறவைகளின் வியாபாரம் 1990-91லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. தடைக்குப் பிறகு வியாபாரம் நிற்கவில்லை, மறைவுக்குப் போனது. 1990களில் சந்தை சந்தையாக அலைந்த ஆய்வாளர் அப்ரார் அகமது, விற்பனையில் சுமார் 450 இனங்களைக் கண்டார். நாட்டில் உள்ள மொத்த இனங்களே அப்போதைய கணக்கில் 1,300 அளவில்தான்.

தில்லுமுல்லுகளுக்கும் குறைவில்லை. முனியாவுக்குப் பச்சைச் சாயம் பூசி வெளிநாட்டுப் பறவை என்று தலையில் கட்டுவார்கள். இறகு உதிர்ந்து புதிது முளைக்கும்போது குட்டு வெளிப்படும்.

கூண்டுக்குப் பின்னால் இருப்பவர் விற்பவர் மட்டுமல்ல. சங்கிலியின் மறுமுனையில் மீர்ஷிகார், பஹேலியா போன்ற சமூகத்தினர். பீகாரின் மீர்ஷிகார்கள் ஒரு காலத்தில் நவாபுகளுக்கு வேட்டைத்துணை. பெயரே அதைச் சொல்லும். ஆலம்பால் காய்ச்சிய பிசினை மூங்கில் நுனியில் தடவி, கிளைக்குள் மெல்ல நீட்டி, பறவையை ஒட்ட வைத்து இறக்குவார்கள். எந்தப் பறவை எந்த மாதம் எங்கே இறங்கும் என்பது இவர்களுக்கு அத்துப்படி. பிடிப்பவருக்குக் கிடைப்பது சில்லறை. லாபம் தரகர், கடைக்காரர் கைகளில். சட்டம் அந்தப் பிழைப்பை மூடியது. வேறு பிழைப்பு காட்டும் வேலையை யாரும் ஒழுங்காகச் செய்யவில்லை.

இத்தனைக்கும் வழி இருந்தது. பீகாரின் அலி உசேன், பரம்பரைப் பறவை பிடிப்பவர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அவரை ஆய்வுக்கு அழைத்துக்கொண்டது. வலசைப் பறவைகளைக் காயமின்றிப் பிடித்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட அவருடைய கைகள் உதவின. விஞ்ஞானிகளே அவரிடம் வித்தை கற்றார்கள். ஆனால் அப்படிப்பட்ட வேலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

வாங்குபவரோ எப்போதும் தப்பிவிடுகிறார். 2022ல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டத்தில் பச்சைக்கிளி இரண்டாவது அட்டவணைக்கு உயர்ந்துவிட்டது. அதை வீட்டில் வளர்ப்பதே குற்றம். நம்மூர் கிளி ஜோசியரின் கூண்டுக்கும் இதே சட்டம்தான். ஜோசியரையாவது போலீஸ் மிரட்டும். கொல்கத்தாவிலானாலும் கோவையிலானாலும், அடுக்குமாடி பால்கனியில் கிளிக்கூண்டு தொங்கும் வீட்டின் மணியை அடிப்பவர் யாருமில்லை.